மைலியை வழியனுப்பிய மகளுக்கு

பியூலா, என் கண்ணே,

உன்னைக் காட்பாடியில் வண்டியேற்றிவிட்டு வந்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். பிளாட்பாரத்தில் பேச நினைத்த எதையும் பேசவில்லை. தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, பெட்டிக்குச் சங்கிலி போட்டாயா, ஸ்வெட்டரை மேலாக வைத்தாயா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஜோலார்பேட்டையில் வேலைக்காலம் முழுக்க வண்டிகளுக்குக் கொடி காட்டிய உன் அப்பா, உன் வண்டி நகர்ந்தபோது கையைத் தூக்கக்கூட முடியாமல் நின்றார். திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு அவர், "ஜன்னலோரம் தான சீட்டு குடுத்திருக்காங்க அவளுக்கு?" என்று கேட்டார். உன் டிக்கெட்டை எடுத்துக்கொடுத்ததே அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் ஆயர் உன்னை முன்னால் அழைத்து முழங்காலில் நிற்கவைத்தார். உன் தலைமேல் கை வைத்து, உயிர் இருக்கும்வரை நேபாளத்தில் இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்காகவே உன்னைப் பிரதிஷ்டை செய்கிறோம் என்று ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன், சத்தம் வெளியே வரவில்லை. நான் அழுததைப் பார்த்த பக்கத்துப் பெண்கள், "குடுத்து வச்சவங்க நீங்க, சந்தோசத்துல அழறீங்க" என்றார்கள். சந்தோஷத்தில் அழவில்லை, பாப்பா. பெற்ற பிள்ளையை உயிரோடு கையைவிட்டுக் கொடுக்கிறவளின் அழுகை அது. உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. தடுக்கிற காலம் தாண்டிவிட்டது. உனக்குப் புத்தி சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்வதற்குமுன் நடந்ததையெல்லாம் ஒரு தடவை என் பக்கத்திலிருந்து சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மெஷினில் உட்கார்ந்து உன்னைப் படிக்கவைத்தேன். விடிந்ததும் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்து இறங்குவேன். நான் தைத்ததெல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். எந்த நாடு, எந்தக் கால் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெளிநாடு என்றால் எங்களுக்குச் சரக்கு போகிற இடம். பிள்ளை போகிற இடமாக அதை நினைக்கவே இல்லை. நீ நர்சிங் முடித்து வேலூரில் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, கர்த்தர் நம் வீட்டுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். குடியாத்தத்தில் ஒரு வாத்தியார் பையனைப் பார்த்துவைத்தோம். சாதுவான பையன், சபையில் பாட்டுக்குழுவில் இருந்தவன். அந்த நேரத்தில்தான் உன்னோடு படித்த பெண் ஒருத்தி நேபாளத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டாள். எல்லையோரத்து ஊர் ஒன்றில், விற்கப்பட்டு மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான இல்லம், அங்கே நர்ஸ் இல்லை, ஒரு வருஷத்துக்கு மட்டும் வா என்றாள்.

உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு கேட்டது நினைவிருக்கிறதா? "ஏம்மா, இங்க புள்ளைங்க இல்லியா? வாணியம்பாடில பீடி சுத்துற பசங்க இன்னா பாவம் பண்ணுச்சிங்க? அதுங்களப் பாக்காம தேசம் தாண்டிப் போகணுமா?"

நீ கோபப்படவில்லை. "இருக்காங்கப்பா. அவங்களப் பாக்கவும் ஆளு வேணும். ஆனா என்னைக் கேட்டது அங்கேர்ந்துதாம்பா" என்றாய்.

"ஒரு வருசம் தான?"

"ஒரு வருசம் தாம்பா."

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது உனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வருஷம் முடிந்து கிறிஸ்மஸுக்கு வந்தாய். மெலிந்திருந்தாய், ஆனால் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு. குடியாத்தத்துக்காரர்கள் புதுவருஷம் கழிந்து பூ வைக்க வருவதாக இருந்தது. அடுப்படியில் என் பக்கத்தில் நின்று அரிசி களைந்துகொண்டே, "மா, அவங்கள வர வேணாம்னு சொல்லிடு" என்றாய்.

"ஏன், பையனப் புடிக்கலியா?"

"நல்லவங்க தான். அவர ஏமாத்தக் கூடாதும்மா. நான் திரும்பிப் போறேன்."

"எத்தினி நாளைக்கு?"

அரிசியை இன்னொரு தண்ணீர் களைந்தாய். பிறகு மைலியைப் பற்றிச் சொன்னாய். வட இந்தியாவில் ஒரு சர்க்கஸிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த பிள்ளைகளில் அவள்தான் சின்னவள். ஐந்து வயதா, ஆறு வயதா, யாருக்கும் தெரியாது. ஊர் தெரியாது, அப்பா பெயர் தெரியாது. பெயர் கேட்டால் மைலி என்பாள்; அவர்கள் பாஷையில் இரண்டாவது பெண் என்று அர்த்தமாம், வீட்டுக்கு வீடு ஒரு மைலி இருப்பாளாம். அவள் வந்த அன்றைக்குச் சாயங்கால ஜெபத்தில் பிள்ளைகள் கைதட்டிப் பாடியிருக்கிறார்கள். "கைதட்டல் கேட்டதும் எழுந்து நடுவுல வந்தாம்மா. அப்படியே வில்லு மாதிரி பின்னால வளைஞ்சி, தலை தரையத் தொட, எங்களப் பாத்துச் சிரிச்சா. கைதட்டுறத நிறுத்தினோம். அவ நிமிரல. நிமிரலாம்னு யாரும் சொல்லலியேன்னு அப்படியே நிக்கிறா. நான் போய்த் தூக்கி நிமித்தினேன். உடம்பெல்லாம் நடுங்குது, ஆனா சிரிப்ப மட்டும் விடல." நீ சொல்லிவிட்டு ஈரக்கையாலேயே கண்ணைத் துடைத்தாய். "அன்னிலேர்ந்து அங்க நாங்க கைதட்டாமத்தான் பாடறோம். எனக்குன்னு ஒரு எடம் இருக்குன்னு தெரிஞ்சி போச்சும்மா. தெரியாத மாதிரி என்னால இருக்க முடியல."

எனக்கு அப்போது சொல்லத் தோன்றியதெல்லாம், வருகிறவர்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த பாதாம் பருப்பை என்ன செய்வது என்பதுதான். மனசு பெரியதொன்றைத் தாங்க முடியாதபோது சின்னதைப் பிடித்துக்கொள்ளும். குடியாத்தத்துக்கு உன் அப்பாதான் போய்ச் சொன்னார். அந்தப் பையனின் தாய் மோர் கொடுத்து, "பரவால்ல அண்ணே, ஊழியத்துக்குத் தான போகுது" என்றாளாம். அவள் திட்டியிருந்தால் உன் அப்பாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பிறகு வருஷங்கள் போயின. வருஷத்துக்கு ஒரு தடவை நீ வருவாய், மாதம் முடியுமுன் போவாய். உன்னோடு படித்தவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடக்கும்போதெல்லாம் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் கம்பெனியைவிட்டு நின்றதும், உன் அப்பா தன் ரயில்வே பாஸை எடுத்துத் துடைத்து, "வா, அவ இருக்கிற எடத்த ஒருதரம் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். கோரக்பூர்வரை வண்டி, அங்கிருந்து பஸ், எல்லை தாண்டி ரிக்‌ஷா. பனிமூட்டத்தில் நீ கேட்டருகில் நின்றாய். உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள், மைலிதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் உன்னை நிமிர்ந்து பார்த்து, "ஆமா, ஆமா" என்று ஏதோ கேட்டாள். உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி இது, நாம கேக்கறதுக்கு முன்னாடியே ஆமாங்குது!" நீ தலையைக் குனிந்துகொண்டாய். "இங்க ஆமான்னா அம்மாப்பா" என்றாய். மற்ற பிள்ளைகள் எல்லாரும் உன்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நீயே சொல்லிக்கொடுத்திருந்தாய். இவள் ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. நீயும் அதற்குமேல் சொல்லவில்லை.

அவளுடைய தாயைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாய் என்பதை அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னாய். வருஷக்கணக்காக நீயே தேடியிருக்கிறாய். அவள் அரைகுறையாக நினைவு வைத்திருந்த ஒரு ஆற்றையும், ஒரு தொங்குபாலத்தையும், ஒரு சந்தையையும் வைத்துக்கொண்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் மலைமலையாக ஏறி இறங்கியிருக்கிறாய். "உனக்கு இன்னா பைத்தியமாடி?" என்று கேட்டேன். "உன் கையிலயே இருக்கிற புள்ளய நீயே தேடிப்போய்க் குடுப்பியா?"

"அவங்கம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சிக்கினு அவள வெச்சிக்கலாம்மா. ஆனா உயிரோட இருந்தா? ஒவ்வொரு நாளும் வாசலப் பாத்துக்கினு இருந்தா?" என்றாய். அப்புறம் சட்டென்று என்னைப் பார்த்தாய். நீ என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு இருவருக்கும் அது கேட்டது.

மைலியின் தாய் வந்தாள். மலையிலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்து, ரப்பர் செருப்போடு கேட்டுக்கு வெளியே நின்றாள். என்னைவிட எத்தனையோ வயது சின்னவள், பார்த்தால் என் வயது சொல்லலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்ன சொந்தக்காரன் ஒருவனை நம்பி, பிள்ளையை அனுப்பியவள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மைலி உன் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள், யாரோ என்று பார்ப்பதுபோல. அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாளே, அதை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளைக்குப் பழகட்டும் என்று அவளைக் கொஞ்சநாள் அங்கேயே தங்கவைத்தாய். நானும் அவளும் சமையல்கட்டில் எதிரெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்போம். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஒருநாள் உன்னை உட்காரவைத்து நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ அதை என்னிடம் சொல்லத் தயங்கினாய். நான் வற்புறுத்தினேன்.

"'உன்னோட பொண்ண இவ்ளோ தூரத்துல உட்டுட்டு எப்படி இருக்கே?'ன்னு கேக்கறாங்கம்மா."

உன் தலையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி, மைலியைக் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பிள்ளை அவள் மடியருகே போய் உட்கார்ந்தது.

அனுப்புகிற அன்றைக்கு மைலி பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று உன் முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவளுடைய தாய் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் இழுக்கவில்லை. நீதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். பிரித்து, அந்தக் கையை அவள் தாய் கையில் வைத்தாய். பஸ் போன பிறகு உள்ளே வந்து, வரிசையாக நின்ற மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தலை பின்னிவிட்டாய். கடைசிப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டி முடித்ததும் அங்கேயே சுவரோரம் சாய்ந்தவள்தான், நாங்கள் புறப்படும்வரை சரியாகச் சாப்பிடவில்லை. உன்னை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தோம்.

நீ வீட்டில் இருந்த அந்த மாதங்களைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நீ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய், எனக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை வந்துவிட்டாள். தட்டில் சோறு போட என் கைக்கு ஆள் இருக்கிறது. மெதுமெதுவாக எழுந்தாய், வேலூரில் பழைய வேலை கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாய். நான் ஆலங்காயத்தில் மனைவியை இழந்த ஒருவரைப் பற்றிக்கூட விசாரித்தேன், உனக்குத் தெரியாது. பழைய சிரிப்பு உன்னிடம் இல்லை என்பதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். சிரிக்காவிட்டால் என்ன, கண்ணெதிரே இருக்கிறாளே என்று நினைத்தேன்.

மழை ஓய்ந்த சமயம் ஒருநாள் காலை போன் வந்தது. எடுத்தவள் நான்தான். உன் தோழி உன் பெயரைச் சொன்னாள். நீ வாங்கிக் கேட்டாய். அப்புறம் வேறு யாரோ பேசியிருக்க வேண்டும், நீ அந்தப் பாஷைக்கு மாறினாய். நின்றுகொண்டிருந்தவள் கீழே உட்கார்ந்தாய். வெகுநேரம் கேட்டுக்கொண்டு இருந்தாய். வைத்த பிறகு எங்களிடம் சொன்னாய். மைலிக்குக் காய்ச்சல். மலை சரிந்து வழி அடைத்துக்கொண்டது, கீழே தூக்கி வர முடியவில்லை. வழி திறந்ததும் அவளுடைய தாய் தனியாக இறங்கி வந்து, இல்லத்தில் சொல்லிவிட்டு, உன்னிடம் தானே பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"என்னத் திட்டலம்மா அவங்க. கடைசி ரெண்டு நாளும் ஆமா ஆமான்னு கூப்பிட்டுக்கினே இருந்தாளாம். 'உன்னக் கூப்பிட்டாளா என்னக் கூப்பிட்டாளான்னு எனக்குத் தெரியல. நம்ம ரெண்டு பேருக்குமா சேத்து நானே பக்கத்துல உக்காந்திருந்தேன்'னு சொன்னாங்கம்மா."

அப்புறம் நீ உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டாய். "நான் அனுப்பாம இருந்திருந்தா அவ உயிரோட இருந்திருப்பா, இல்லப்பா?"

உன் அப்பா மழுப்பத் தெரியாதவர். "இருந்திருப்பாம்மா" என்றார். உன் முகத்தைப் பார்த்து நான் அவரை அடக்கப் போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "ஆனா அந்தம்மா, தன் பொண்ணு எங்க கெடக்கிறாளோன்னு சாகற வரைக்கும் தேடிக்கினு இருந்திருக்கும். ஒரு வருசம் கூட இல்லாட்டியும், அது தன் புள்ளைக்குச் சோறு போட்டுச்சி. தன் கையால பொதச்சிச்சி. நீ குடுத்தது தப்பில்ல." அதைச் சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தாய் உன்னிடம் இன்னொன்றும் கேட்டாள் என்று நீ அடுத்த வாரம்தான் சொன்னாய். "அங்க மத்த புள்ளைங்கள்லாம் யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டாங்கம்மா. நீ ஏன் இங்க இல்லேன்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல." நீ அதைச் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உன்னை அந்த ஊருக்கு முதலில் அழைத்தது உன் தோழி. அங்கேயே இருக்கச் சொன்னது, கர்த்தர் என்று நீ சொல்வாய், நானும் நம்புகிறேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற ஒருத்தியின் வாய் வழியாகத்தான் அவர் இந்த முறை பேசினார். அவளே உன்னை அனுப்பிவைக்கும்போது, உயிரோடு பிள்ளையை வைத்திருக்கிற நான் எப்படிக் கையைப் பிடித்து இழுப்பேன்?

அதனால் போய்விட்டாய். நல்லது. இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிடுகிற பழக்கத்தை விடு. நோய்க்காரி யாருக்கும் உதவ மாட்டாள். அழ வேண்டியிருந்தால் தலை பின்னி முடிக்கும்வரை அடக்கிவைக்காதே, அந்தப் பிள்ளைகளும் பார்க்கட்டும், தங்களுக்காக ஒருத்தி அழுவாள் என்று தெரியட்டும். இனிமேல் வருகிற பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றும். நர்ஸ் வேலை பார்க்கிற கைக்கு அது சுலபம், மருந்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் செய்யாதே. புதிதாக வருகிற ஒன்று உன்னை அம்மா என்று கூப்பிட்டால், அக்கா என்று திருத்திக்கொண்டிருக்காதே. கூப்பிடட்டும். அவளுடைய தாய் வருகிற அன்றைக்கு அவளும் போவாள், நீயும் உடைந்துபோவாய். உடைந்துபோகாத ஒருத்தியிடம் பிள்ளையை விட்டுவைக்க எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்?

நாங்கள் இருவரும் இங்கே நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இருக்கிறோம். உன் அப்பாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி. ஆனாலும் சாயங்காலம் கூட்டு ரோடு வரைக்கும் நடக்கிறார். எங்களில் யாருக்கு முதலில் முடியாமல் போகும் என்று தெரியாது. அந்த நேரத்தில் என் வாயில் உன் பெயர் வரும், பியூலா. வராது என்று சொன்னால் பொய். நினைவு தப்பின நேரத்தில் உன்னைக் கூப்பிடுவேன், விடாமல் கூப்பிடுவேன், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தாங்காமல் உனக்குப் போன் போடுவார்கள். வழி இருந்தால் வா. இல்லையென்றால், அன்றைக்கு உன் கையில் புதிதாக வந்த ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தால், அவளை இறக்கிவிட்டு வராதே. உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதே எனக்குப் போதும் என்று எழுத ஆசைதான். போதாது, கண்ணு. ஆனாலும் நீ வராதே.

உன்னைப் பெற்றவள்.